ஏசி கிளட்ச் பிடிக்கவில்லையா: காஸ், கிளட்ச், கம்ப்ரஸர், எதற்குப் பணம் கொடுப்பது?

மே மாதம், திருச்சி. வெயிலில் நின்ற காரில் அம்மாவை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்பினேன். ஏசி பட்டனில் விளக்கு எரிகிறது, புளோயரும் வேகமாக ஊதுகிறது, வருவது அனல் காற்று. வழக்கமாகப் பட்டனைத் தட்டியதும் பானட்டுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், இன்ஜின் ஒரு நொடி தணிந்து மறுபடி நிமிரும். அது வரவில்லை. அம்மா சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டே வந்தார்.

அந்த வாரம் மூன்று இடங்களில் வண்டியைக் காட்டினேன். முதலில் போன கடையில், "காஸ் இல்ல சார், ஏத்தினா சரியாயிடும், 1,800 ரூபா" என்றார்கள். அடுத்த இடத்தில் கம்ப்ரஸர் போய்விட்டது, புதியது போட எல்லாம் சேர்த்து 26,000 ஆகும் என்றார்கள். மூன்றாவது கடைக்காரர் விலையே சொல்லவில்லை. "மொதல்ல கிளட்ச்சுக்குக் கரண்ட் வருதான்னு பார்ப்போம்" என்று ஒரு பல்பை எடுத்துக்கொண்டு வந்தார். கடைசியில் 1,200 ரூபாயில் வேலை முடிந்தது.

அதே கோடையில் டாக்ஸி ஓட்டும் என் தம்பியின் வண்டியிலும் கம்ப்ரஸர் எடுக்கவில்லை. வெளியே தெரிந்த அறிகுறி அச்சு அசலாக ஒன்றுதான். அவன் முப்பதாயிரத்துக்கு மேல் செலவழித்தான், அவனுக்கு அதுதான் சரியான முடிவு. இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்ததால் இதை எழுதுகிறேன். நான் சொல்லும் தொகைகள் எங்களிடம் கேட்கப்பட்டவை. உங்கள் ஊரில், உங்கள் வண்டிக்கு மாறும். ஒன்றுக்கொன்று எத்தனை மடங்கு என்பதை மட்டும் கவனியுங்கள்.

எதற்குப் பணம் கொடுப்பது என்று யோசிப்பதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும்: கம்ப்ரஸருக்கு ஓடச் சொல்லி உத்தரவு வருகிறதா, வந்தும் அது ஓடவில்லையா? பெல்ட் சுற்றும் புல்லி எப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அதன் முன்னால் இருக்கும் தட்டு, உள்ளே உள்ள காயிலுக்கு 12 வோல்ட் வந்ததும் காந்தத்தால் இழுக்கப்பட்டுப் புல்லியோடு ஒட்டும். இந்த அமைப்புதான் ஏசி கிளட்ச். அது ஒட்டினால்தான், காஸை அழுத்திச் சுற்ற வைக்கும் கம்ப்ரஸர் சுழலும். அந்த 12 வோல்ட் சும்மா வந்துவிடாது. புளோயர் ஓட வேண்டும். காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலில் (இது வேறு காயில்) உள்ள சென்சார் 'ஐஸ் கட்டவில்லை' என்று சொல்ல வேண்டும். காஸ் அழுத்தம் மிகவும் குறைவாகவோ மிகவும் அதிகமாகவோ இருக்கக் கூடாது. பல வண்டிகளில் அழுத்தம் சுமார் 2 பாருக்கு (பார், பி.எஸ்.ஐ. இரண்டும் அழுத்தத்தின் அலகுகள்) கீழே போனாலும் 30 பாரைத் தாண்டினாலும் கட் ஆகிவிடும். இன்ஜின் சூடேறினாலும், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் இன்ஜின் கம்ப்யூட்டர் ஏசியை நிறுத்தி வைக்கும். எல்லாம் சரி என்றால்தான் அது ரிலே என்ற மின் சுவிட்சை இயக்கும், ரிலே கிளட்ச்சுக்குக் கரண்ட் விடும். இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் நமக்கு வருவது ஒரே அனல் காற்றுதான்.

அந்த மூன்றாவது கடைக்காரர் செய்தது இதுதான். இன்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, கிளட்ச்சின் கனெக்டரைக் கழற்றி அதில் ஒரு இண்டிகேட்டர் பல்பைத் தொட்டுக் காட்டினார். பல்ப் நன்றாக எரிந்தால் உத்தரவு வருகிறது, கோளாறு கிளட்ச் பக்கம். எரியாவிட்டால் ரிலே, ஃபியூஸ், பிரஷர் சுவிட்ச், சென்சார் என்று பின்னோக்கிப் போக வேண்டும். மல்டிமீட்டரை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். துருப்பிடித்து ஒரே ஒரு இழை மிஞ்சிய ஒயர்கூட மீட்டரில் 12 வோல்ட் காட்டிவிடும், பல்பை எரிய வைக்கும் அளவுக்குக் கரண்ட் தராது என்றார். கிளட்ச் காயிலுக்கு 3, 4 ஆம்பியர் வேண்டும். எனக்கு மிகவும் பிடித்துப்போன பதில் அது. இதை வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்கள் வேட்டி, துப்பட்டா, தொங்கும் சங்கிலி எதையும் பெல்ட் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுற்ற ஆரம்பிக்கும்.

சரி, இனி ஒவ்வொன்றாக.

காஸ் ஏற்றுவது. நம் ஊரில் ஏசி என்றாலே முதலில் வாயில் வருவது இதுதான். பணம் குறைவு, அரை மணி நேர வேலை, பல சமயம் ஏற்றியதும் 'டக்' சத்தமும் வந்துவிடும். அதனால்தான் இது ஏமாற்றும். பெட்ரோல் மாதிரி காஸ் தீர்ந்துபோகும் பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. ஓ ரிங்குகள் வழியாகவும் ஹோஸ் வழியாகவும் வருடக் கணக்கில் கொஞ்சம் கசிவது இயல்பு. எட்டு வருடம் கழித்து முதல் முறையாகக் குறைந்தால் சரி என்று விட்டுவிடலாம். போன வருடம் ஏற்றியது இந்த வருடம் இல்லை என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டை வழியே காஸோடு எண்ணெயும் போகும். கம்ப்ரஸருக்கு உயவு தருவது அந்த எண்ணெய்தான். திரும்பத் திரும்பக் காஸ் மட்டும் ஏற்றுகிறவர் ஒவ்வொரு முறையும் கம்ப்ரஸரின் ஆயுளைக் கொஞ்சம் கரைக்கிறார். என் தம்பிக்கு நடந்தது அப்படியே இதுதான். இரண்டு வருடத்தில் நான்கு முறை ஏற்றியிருந்தான், ஒரு முறைகூட யாரும் லீக் பார்க்கவில்லை.

காஸ் இருக்கிறதா என்று அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிப் பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இப்போது ஓடும் கார்களில் மிகுதியும் இருப்பது ஆர்134ஏ என்ற வகைக் காஸ். வண்டி நின்று, இன்ஜின் ஆறி, 35 டிகிரி வெயிலில் இருக்கும்போது உள்ளே திரவம் கொஞ்சமாவது மிச்சம் இருந்தால் இரண்டு கேஜும் ஏறத்தாழ 115 பி.எஸ்.ஐ. காட்டும். பாதி இருந்தாலும் அதே அளவுதான், முழுதாக இருந்தாலும் அதே அளவுதான், ஏனென்றால் அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பம். ஆகவே கேஜ் 20, 30 காட்டினால் காஸ் போய்விட்டது என்று உறுதியாகச் சொல்லலாம், கம்ப்ரஸர் எடுக்காததற்கும் அதுவே காரணமாக இருக்கும். நூறைத் தாண்டிக் காட்டுகிற வண்டியில், கிளட்ச் அசையாமலே நிற்கும்போது, 'காஸ் இல்லை' என்று சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். முதல் கடையில் என் வண்டிக்குக் கேஜே மாட்டவில்லை.

காஸ் ஏற்றத்தான் வேண்டும் என்றால் முறை இருக்கிறது. முதலில் நைட்ரஜன் அடைத்து, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். அப்புறம் அரை மணி நேரமாவது வேக்கம் போட்டு உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் எடுக்க வேண்டும். பின் எடை போட்டு ஏற்ற வேண்டும். எத்தனை கிராம் என்பது பானட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே இருக்கும், சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் அரைக் கிலோவுக்கும் குறைவு. கையால் குழாயைத் தொட்டுப் பார்த்து 'போதும்' என்று ஏற்றினால் அதிகமாகிவிட வாய்ப்பு உண்டு. அதிகமானால் டிராஃபிக்கில் அழுத்தம் எகிறி, கம்ப்ரஸர் மறுபடி கட் ஆகும். பழைய காஸைக் காற்றில் திறந்துவிடுகிற கடைகளையும் தவிர்க்கலாம். ஆர்134ஏ பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்ஸைடைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் வீரியமுள்ளது. பழைய காஸை உறிஞ்சிச் சேமிக்கும் ரெகவரி மெஷின் வைத்திருக்கும் கடைக்கு இருநூறு முந்நூறு கூடக் கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை.

பெயர் தெரியாத மலிவு கேன் மட்டும் வேண்டவே வேண்டாம். 2011-இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிர்பதனக் கன்டெய்னர்களின் கம்ப்ரஸர்கள் வெடித்துப் பணியாளர்கள் உயிரிழந்தார்கள். ஆர்134ஏ என்ற பெயரில் மீதைல் குளோரைடு கலந்த போலிக் காஸ் ஏற்றப்பட்டு, அது அலுமினியத்தோடு வினை புரிந்ததே காரணம் எனக் கண்டறியப்பட்டது. நம் கார் கம்ப்ரஸரின் உடலும் அலுமினியம்தான். சமையல் எரிவாயு வகைக் காஸைக் கலந்து ஏற்றுவதும் ஆபத்து. அது தீப்பற்றும், கூலிங் காயில் இருப்பதோ நாம் உட்காரும் இடத்தின் டேஷ்போர்டுக்குள்.

இதைவிட மோசமான ஒரு குறுக்குவழி உண்டு: பிரஷர் சுவிட்சின் இரண்டு ஒயரையும் முறுக்கி டைரக்ட் கொடுப்பது. கிளட்ச் உடனே பிடிக்கும், ஏசி ஓடும். காஸ் இல்லாதபோது கம்ப்ரஸரைக் காப்பாற்றவும், அழுத்தம் எகிறும்போது குழாய் வெடிக்காமல் தடுக்கவும் இருக்கிற காவலாளியை நாமே வெளியே அனுப்புகிறோம். காஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரின் ஃபேன் ஓடாமல் அழுத்தம் ஏறி ஏசி கட் ஆகிற வண்டிக்கு இப்படி டைரக்ட் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அங்கே மாற்ற வேண்டியது ஃபேன் மோட்டாரின் கார்பன் பிரஷ் மட்டும்தான்.

பல்ப் எரியவில்லை என்றால் ரிலே, ஃபியூஸ். இதில் ஒப்பிட ஒன்றுமில்லை, முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். ஃபியூஸ் பெட்டியில் ஹாரனுக்கும் ஏசிக்கும் ஒரே மாதிரி ரிலே இருந்தால் இடம் மாற்றிப் போட்டாலே தெரிந்துவிடும். ஃபியூஸ் மட்டும் திரும்பத் திரும்பப் போனால் பெரிய ஃபியூஸ் போடாதீர்கள், கிளட்ச் காயில் ஷார்ட் ஆகியிருக்கலாம்.

இப்போது கிளட்ச். என் வண்டியில் பல்ப் பளிச்சென்று எரிந்தது. கடைக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த ஒயரால் காயிலுக்கு நேரடியாகக் கரண்ட் கொடுத்தார். வண்டி சூடாக இருந்தபோது தட்டு அசையவே இல்லை. ஒரு மணி நேரம் ஆறவிட்டுக் கொடுத்தபோது 'டக்' என்று ஒட்டியது. அப்போதுதான் எனக்கும் ஒன்று உறைத்தது: காலையில் அலுவலகம் போகும்போது ஏசி ஓடும், மதியம்தான் மக்கர் செய்யும். பல வருடம் தேய்ந்ததில் தட்டுக்கும் புல்லிக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரை நெருங்கியிருந்தது. அரை மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டியது. சூடானால் காயிலின் மின்தடை கூடி காந்தத்தின் பலம் குறையும், அவ்வளவு தூரத்தில் இருக்கும் தட்டை அதனால் இழுக்க முடியாது. தட்டைக் கழற்றி, உள்ளிருந்த மெல்லிய வாஷர் ஒன்றை எடுத்துவிட்டு, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜால் அளந்து திரும்ப மாட்டினார். காஸைத் திறக்கவே தேவைப்படவில்லை. 26,000 கேட்ட இடத்தில் இதைச் செய்து தருவீர்களா என்று முன்பே கேட்டிருந்தேன், அசெம்ப்ளியாகத்தான் மாற்றுவோம் என்றார்கள்.

காயிலே எரிந்திருந்தாலோ புல்லி பேரிங் கரகரவென்று சத்தம் போட்டாலோ கிளட்ச் செட் மட்டும் மாற்றலாம். எனக்குச் சொன்ன விலை 4,500. பல மாடல்களில் கம்ப்ரஸரை வண்டியில் வைத்தே செய்துவிடலாம், சிலவற்றில் இடம் போதாமல் இறக்க வேண்டியிருக்கும், அப்போது காஸ் செலவும் சேரும். இந்த வழிக்குப் போகுமுன் ஒரு சோதனை அவசியம். இன்ஜின் அணைந்திருக்கும்போது நடுத்தட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். சீரான எதிர்ப்போடு சுற்றினால் கம்ப்ரஸர் நல்லது, கிளட்ச்சுக்குச் செலவழிக்கலாம். சுற்றவே மறுத்தால் கம்ப்ரஸர் ஜாம். அதில் புதிய கிளட்ச் போட்டால் அதுவும் புகைந்துவிடும். எந்த எதிர்ப்பும் இல்லாமல் பொம்மைச் சக்கரம் போலச் சுற்றினாலும் உள்ளே ஏதோ உடைந்திருக்கலாம். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமலே கம்ப்ரஸர் மாற்றப்பட்ட வண்டிகள் எத்தனையோ இருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

தம்பியின் வண்டி சென்னை சவாரிக்குப் போகும்போது பெரம்பலூர் தாண்டி நின்றது. ஏசி பட்டன் விளக்கு மினுக் மினுக்கென்று சிமிட்டியது. கம்ப்ரஸர் பெல்ட்டின் வேகத்துக்குச் சுற்றவில்லை என்று தெரிந்ததும் சில வண்டிகள் இப்படிச் சொல்லும். "அண்ணே, பெல்ட் கருகுற வாசனை வருது, வண்டிய எடுக்கலாமா?" என்று போன் செய்தான். ஏசியை அணைத்துவிட்டு, புல்லி சத்தமில்லாமல் சுற்றுகிறதா என்று பார்க்கச் சொன்னேன். கம்ப்ரஸர் ஜாம் ஆனாலும் கிளட்ச் விட்டுவிட்டால் புல்லி தனியாகச் சுற்றும், மெதுவாக ஊர் வந்து சேரலாம். புல்லி பேரிங்கே போயிருந்தால் கதை வேறு. ஒரே பெல்ட்டில் ஆல்டர்னேட்டரும் வாட்டர் பம்ப்பும் ஓடும் வண்டியில் அந்தப் பெல்ட் அறுந்தால் இன்ஜினுக்கே ஆபத்து.

அவனுக்கு மூன்று வழிகள் இருந்தன. புதிய கம்ப்ரஸர், ரீகண்டிஷன் செய்தது, சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும் பழையது. விலை 19,000, 9,000, 6,000. பார்த்தவுடன் புதுப்பேட்டைதான் என்றான். நான் அதை மட்டமாகச் சொல்ல மாட்டேன். பத்து, பன்னிரண்டு வயதான, மாதம் முந்நூறு கிலோமீட்டர் ஓடும் வீட்டுக் காருக்கு அது நியாயமான தேர்வு, பார்த்து வாங்கத் தெரிந்தால். குழாய் வாய்கள் மூடியிட்டு இருக்க வேண்டும். மாதக் கணக்கில் திறந்து கிடந்தது வேண்டாம், உள்ளிருக்கும் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சிவிடும். கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். ஒரு சொட்டு எண்ணெயை வெள்ளைத் துணியில் விட்டுப் பார்த்தால் தெளிவாக இருக்க வேண்டும். கறுப்பாகவோ வெள்ளி மினுமினுப்போடோ இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம். புல்லியின் வரிகளும் அதே எண்ணிக்கையில் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். ரீகண்டிஷன் விஷயத்தில் எல்லாமே செய்கிற கையைப் பொறுத்தது. சீலும் பேரிங்கும் மட்டும் மாற்றிப் பெயின்ட் அடித்துத் தருவதும் ரீகண்டிஷன் என்றே விற்கப்படுகிறது. கழற்றிய பழைய உதிரிகளைக் காட்டச் சொல்லிக் கேட்டு வாங்குவது நல்லது.

தம்பி விஷயத்தில் கணக்கை மாற்றியது கம்ப்ரஸரின் விலை இல்லை. ஜாம் ஆன கம்ப்ரஸர் தன் உலோகத் துகள்களை லைன் முழுக்கத் துப்பியிருந்தது. எந்தக் கம்ப்ரஸரைப் போட்டாலும் லைனை ஃபிளஷ் செய்து கழுவ வேண்டும், ஈரத்தை உறிஞ்சும் டிரையரை மாற்ற வேண்டும், கூலிங் காயிலுக்குக் காஸை அளவாக விடும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாற்ற வேண்டும். கண்டென்சரின் நுண்ணிய குழாய்களுக்குள் போன துகள் ஃபிளஷ் செய்தாலும் முழுக்க வராது, அதையும் மாற்றியாக வேண்டும். அவன் வண்டியில் டிரையர் கண்டென்சரோடு சேர்ந்தே இருந்தது. இந்தச் செலவு எல்லாம் சுமார் 14,000, மூன்று வழிக்கும் பொதுவானது. பழைய கம்ப்ரஸர் மூன்று மாதத்தில் மறுபடி ஜாம் ஆனால் இந்தப் பதினாலாயிரமும் திரும்ப அழ வேண்டும். நாள் முழுக்க ஏசியோடு ஓடும் டாக்ஸி அது. இதைச் சொன்னதும் அவனே புதியதைத் தேர்ந்தெடுத்தான்.

என் மாதிரி சுத்தமான லைனில் கிளட்ச் மட்டும் பழுது என்றால் இந்தக் கணக்கு எதுவும் தேவையில்லை. கம்ப்ரஸரைக் கழற்றியதும் எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள், செலவு எந்தப் பக்கம் போகும் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

கம்பெனி சர்வீஸா, வெளிக்கடையா? வாரண்டி இருக்கும் வண்டி என்றால் கேள்வியே இல்லை, கம்பெனிதான். வெளியில் ஒயரைத் தொட்டால்கூட வாரண்டியை மறுக்க ஒரு காரணம் கிடைத்துவிடும். உத்தரவே வரவில்லை, ரிலேயும் ஃபியூஸும் நல்லவை என்றால், ஸ்கேனர் வைத்து இன்ஜின் கம்ப்யூட்டர் எதற்காக மறுக்கிறது என்று படிக்கத் தெரிந்த இடத்துக்குப் போங்கள். மற்றபடி கிளட்ச் இடைவெளி, காயில், லீக் போன்ற கைவேலைக்குப் பழகிய வெளிக்கடை ஏசி மெக்கானிக்கைத்தான் நான் நம்புவேன். அவர் பழுதைப் பிரித்துப் பார்க்கிறார்.

சில புதிய கார்களில் கிளட்ச்சே கிடையாது. கம்ப்ரஸர் எப்போதும் சுற்றும், உள்ளே ஒரு கன்ட்ரோல் வால்வு அதன் வேலையைக் கூட்டிக் குறைக்கும். 'டக்' சத்தம் வரவில்லை என்று அதைப் பழுதாக எண்ண வேண்டாம். அந்த வால்வை மட்டும் தனியாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள், பலவற்றில் முடியும். ஹைபிரிட், மின்சார வண்டிகளில் கம்ப்ரஸர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. ஆரஞ்சு நிற ஒயரைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள். அதற்கு எண்ணெய்கூட வேறு வகை, சாதாரண வண்டியின் எண்ணெயை ஊற்றினால் மின்காப்பு கெட்டுவிடும்.

தம்பி வண்டிக்கு வேக்கம் போட்டு ஒரு மணி நேரம் கேஜ் முள் நகராமல் நிற்பதைப் பார்த்த பிறகே காஸ் ஏற்றச் சொன்னோம். எத்தனை கிராம் ஏற்றினார்கள், எந்த எண்ணெய் எவ்வளவு ஊற்றினார்கள், கம்ப்ரஸரின் சீரியல் எண் என்ன, எல்லாவற்றையும் பில்லில் எழுதி வாங்கினான். ஒரு வருட வாரண்டி. பழைய கம்ப்ரஸரையும் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு வந்தான். அதன் வாயைக் கவிழ்த்தபோது வந்தது எண்ணெய் மாதிரியே இல்லை, கறுப்பு மை மாதிரி இருந்தது.